இருசில்லும் முச்சில்லும்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுதல் இருவகைப்படும். ஓடும்போது விழுதல் ஒன்று. நிற்கும்போது விழுதல் மற்றொன்று. இளமையில் முன்னதற்கே அஞ்சினோம். எம்மைப் பெற்றோரும் அதற்கே அஞ்சினர். அறுபத்தைந்தைக் கடந்த பின்னரோ பின்னதே எம்மைத் தேடி வருகின்றது. கடந்த ஈராண்டுள் நாம் மூன்று முறை விழுந்தோம். மூன்றும் நின்ற இடத்தில் நிகழ்ந்தவை. முதன்முறை சாவகச்சேரிச் சந்தை வாயிலில், பின்னால் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு புறப்படும் வேளையில் விழுந்தோம். இரண்டாம் முறை ஓர் ஒழுங்கை முகப்பில், இடக்காலை ஊன்றிய இடம் இளமணலாய் இருந்தமையால் விழுந்தோம். மூன்றாம் முறை புகையிரதக் கடவையில், வண்டி வரும்வரை காத்து நின்றபோது முழங்கால் தானே மடங்கியது. அன்று எம்மையும் எமது வண்டியையும் தூக்கி நிறுத்தியவர்கள் எமது கல்லூரிச் சீருடை அணிந்த மாணவர் இருவர். “பாத்துப் போங்கோ ஐயா” என்றார்கள். பட்ட காயத்தினும் அச்சொல்லே நெடுநாள் வலித்தது.

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எழுதுவார் பலர் உளர், எமக்கு அண்மையில் தெரியவந்த ஒன்றை எழுதுகின்றோம் என்று விடை கூறினோம். மலரை விரிக்கும் பழைய மாணவருட் பலர் எம்மை ஒத்த வயதினர். அவருட் பலரின் வீட்டு முற்றத்தில் இன்றும் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அதனை விற்பதா, வைத்திருப்பதா, மூன்று சில்லுடைய ஒன்றுக்கு மாறுவதா என்னும் வினாவைப் பலரும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதிருக்கின்றனர்.

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் இவ்விடயத்தில் எமக்கு ஆசிரியர். 2000 ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்ததும், சாவகச்சேரி நகரம் பெரும்பாலும் இடிபாடாய்ப் போனதும் யாவரும் அறிந்தனவே. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் மக்கள் மீண்டு வந்தனர். தமது காணியைத் துப்புரவாக்கச் சென்ற நண்பர் மிதிவெடியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஜெய்ப்பூர்க் கால் பொருத்தப்பட்டது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968 ஆம் ஆண்டளவில் இராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய இறப்பர்ப் பாதம் அது. சப்பாத்தின்றி நடக்கவும், சம்மணமிட்டு இருக்கவும், ஈர வயலில் இறங்கவும் இடந்தருவது. எமது நாட்டு வாழ்க்கையை அறிந்தோர் செய்தது என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆயினும் அதன் கணுக்கால் தானாக அசையாது. இக்கால மோட்டார் சைக்கிள்களிற் கியரை மாற்றுவது இடக்காலின் பெருவிரற்பக்கம். பின் பிறேக்கை மிதிப்பது வலக்கால். (எமது சிறுபராயத்திற் கண்டி வீதியில் ஓடிய பி. எஸ். ஏ., ட்ரயம்ப் முதலிய ஆங்கில வண்டிகளில் இது மாறியிருந்தது. அவை இன்றும் கிடைக்குமாயின் நண்பர் ஒருகால் அவற்றையே நாடியிருப்பார்.) ஆகவே அவர் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். அதில் இரு பிறேக்குகளும் கையிலேயே உள்ளன. பின்சில்லின் இருமருங்கும் இரண்டு சிறு சில்லுகளைப் பொருத்துவித்தார்.

பல ஆண்டுகள் நாம் அவரை இரக்கத்தோடு பார்த்து வந்தோம். எமது மூன்றாம் வீழ்ச்சியை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்து, “மச்சான், மோட்டார் சைக்கிள் ஓடுறதுக்குக் கால் தேவையில்லை. நிப்பாட்டுறதுக்குத்தான் கால் வேணும்” என்றார். இதனைப் பௌதிகப் பாடத்தைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரை.

ஓடும் இருசில்லு வண்டி ஏன் விழுவதில்லை? சுழலும் சில்லுகள் பம்பரம்போல் நிமிர்ந்து நிற்க முயல்வதே காரணம் எனக் கற்றோம். அது முழு உண்மையன்று. 2011 இல் நெதர்லாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர் சிலர், பம்பர விளைவு இல்லாதொழியும்படி எதிர்த்திசையிற் சுழலும் சில்லுகளைப் பொருத்திய சைக்கிள் ஒன்றைத் தள்ளிவிட்டு, அது ஓட்டுவார் இன்றியே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினர். உண்மையிற் பெரும்பங்கு முன்சில்லின் திரும்பலுக்கே உரியது. வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே முன்சில்லு திரும்புகின்றது. வண்டியின் அடி ஓடிச்சென்று சாயும் பாரத்தின் கீழ் நின்று தாங்குகின்றது. விளக்குமாற்றுத் தடியை உள்ளங்கையில் நிறுத்தி, அது சாயும் பக்கம் கையைக் கொண்டோடும் சிறுவனின் விளையாட்டே இது. வண்டி ஓடினால் அன்றோ அடி ஓடும்? நடையினும் மெதுவாகச் செல்லுமிடத்து இவ்வித்தை பலிக்காது. அப்போது பாரத்தைத் தாங்குவது எமது காலே.

அக்கால் தாங்குவது எவ்வளவு? வண்டி 120 கிலோ, ஓட்டுவார் 65 கிலோ எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்திலும், ஊன்றிய பாதம் சில்லுகள் நிலத்தைத் தொடும் கோட்டிலிருந்து 45 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருக்கட்டும். வண்டி பத்துப் பாகை சாய்ந்தால் பாதத்தின்மேல் வருவது ஏறத்தாழ 46 கிலோ. இருபது பாகை சாய்ந்தால் 90 கிலோவைக் கடக்கும். இருபது வயதில் இதனை நாம் உணர்வதேயில்லை. தொடைத் தசை தானே செய்து முடிக்கின்றது. முழங்கால் தேய்ந்தவனுக்குப் பத்துப் பாகைக்கும் இருபது பாகைக்கும் இடையிலேயே நிலம் வந்துவிடுகின்றது. பின்னால் ஒரு பலாப்பழம் இருந்தால் அதற்கும் முன்னரே.

மூன்றாவது சில்லு இக்குறையை முற்றாகத் தீர்க்கின்றது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாற்காலியே ஆடும். மூன்று புள்ளிகளினூடாக எப்போதும் ஒரு தளம் செல்லும் என்று கேத்திர கணிதத்திற் படித்தோம் அல்லவா? மூன்று சில்லுகளும் நிலத்தைத் தொடும் புள்ளிகள் ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. புவியீர்ப்பு மையத்திலிருந்து தொங்கவிட்ட குண்டுநூல் அம்முக்கோணத்தினுள் விழும்வரை வண்டி விழாது.

மோட்டார் வண்டியின் வரலாறே இவ்வாறுதான் தொடங்கிற்று என்பதைச் சிலர் அறியார். ஜேர்மனியில் டைம்லரும் மைபாக்கும் 1885 இற் செய்த மரச்சட்ட வண்டியை முதல் மோட்டார் சைக்கிள் என்பர். அது கவிழாதிருக்க இருமருங்கும் இரு சிறு சில்லுகள் இருந்தன. சாவகச்சேரியில் எம் நண்பரின் ஸ்கூட்டரிற் பொருத்தப்பட்டவையும் அவையே. கார்ல் பென்ஸ் 1886 சனவரியிற் காப்புரிமை கோரிய மோட்டார் வண்டிக்கும் மூன்று சில்லுகளே. 1888 இல் அவர் மனைவி பேர்த்தா தம் இரு புதல்வருடன் அவ்வகை வண்டியில் ஏறி நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தார். எமது வீதிகளில் ஓடும் ஓட்டோவும் இத்தாலிய ஸ்கூட்டரின் வழிவந்ததே. 1946 இல் வெளிவந்த வெஸ்பாவை வடிவமைத்த கொறாடினோ டஸ்கானியோ, 1948 இல் அதன் பின்புறத்தை இருசில்லாக்கிப் பாரவண்டி ஆக்கினார். ஆகவே மூன்று சில்லு என்றால் ஏதோ ஊனமுற்றோர்க்கு மாத்திரம் உரியது என்று எண்ணி நாணுதற்கு இடமில்லை. நாம் நாணினோம் என்பதை ஒளிக்கவும் விரும்பவில்லை.

நிற்க. மூன்று சில்லு என்று ஊரில் வழங்கும் வண்டிகள் யாவும் ஒரே வகையின அல்ல. நண்பருடைய ஸ்கூட்டரை எண்ணிப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, இருபக்கமும் இரண்டு; ஆக நான்கு. முக்காலி என்று நினைத்தது நாற்காலியாய் நிற்கின்றது! எஞ்சினால் உந்தப்படுவது நடுச்சில்லு மாத்திரமே. குழியுள்ள ஒழுங்கையில் பக்கச் சில்லுகள் இரண்டும் மேட்டில் ஏறி நிற்க, நடுச்சில்லு குழியின்மேல் அந்தரத்திற் சுழலும், வண்டி நகராது. ஆதலாற் பக்கச் சில்லுகள் விறைப்பான இரும்பிற் பொருத்தப்படாமல், ஒவ்வொன்றும் தனித்தனி வில்லோடு மேலுங் கீழும் அசைய வேண்டும். இவ்வேலையைச் செய்விப்பார் முதலிற் பார்க்க வேண்டியது இது. அடுத்துப் பார்க்க வேண்டியது வெல்டிங். ஸ்கூட்டரின் சட்டம் பக்கத்துப் பாரத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டதன்று. பொருத்திய இடத்திற் கூடுதல் இரும்பின்றி ஒட்டினால் அவ்விடத்திலேயே வெடிப்புத் தோன்றும். எமது முதல் வேலையில் ஆறு மாதத்துள் இது நிகழ்ந்தது. செய்தவர் பெயரை எழுதுவது முறையன்று. பின்னர் அவரே திருத்தியும் தந்தார்.

பின்சில்லை அகற்றிவிட்டு, அச்சொன்றில் இரண்டு சில்லுகளைப் பூட்டுவது இரண்டாவது வகை. இதுவே மெய்யான முச்சில்லு. வளைவிற் செல்லும்போது வெளிச்சில்லு நெடுவழியும் உட்சில்லு குறுவழியும் ஓடவேண்டியிருத்தலின், அவற்றை வெவ்வேறு வேகத்திற் சுழலவிடும் டிபரன்சியல் அதற்கு வேண்டும். அஃதின்றி ஒரு சில்லை மாத்திரம் உந்தினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்; ஒரே அச்சாய் இறுக்கினால் திரும்ப மறுக்கும். முன்னால் இருசில்லுகள் அமைந்து, வளைவிற் சாயவும் வல்ல வண்டிகளை இத்தாலியர் 2006 முதலும், யமஹா நிறுவனத்தார் 2014 முதலும் விற்கின்றனர். அவை மிக நல்லவை என்பர்; எமது ஒழுங்கைகளில் அவற்றை நாம் கண்டதில்லை. ஓட்டோ ஒன்றையே சொந்தத்துக்கு வாங்கலாமே எனச் சிலர் கேட்பர். பணமும் கொட்டிலும் உடையார்க்கு அது நன்று. மழைக்கும் வெயிலுக்கும் கூரையும் உண்டு. ஆயினும் வாங்கிய மறுநாளே அயலவர் யாவரும் ஏறுவர் என்பதை மனத்திற் கொள்க.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். மூன்று சில்லு நிற்கும்போது விழாது. ஆனால் ஓடும்போது விழவல்லது. இருசில்லுக்கு நேர்மாறான குணம் இது.

வளைவிலே இருசில்லு வண்டி உட்பக்கம் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்கின்றது. முச்சில்லு சாயாது. அதனால் ஓட்டுவாரும் வண்டியும் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றனர். குண்டுநூல் முக்கோணத்தின் கரையைத் தாண்டினால் உட்சில்லு எழும், பின்னர் கவிழும். முக்கோணமோ பின்னால் அகன்று முன்னால் ஒடுங்கியது. பின்சில்லுகளுக்கிடையே 90 சென்ரிமீற்றர் இருந்தாலும், ஓட்டுவார் அமரும் இடத்திற் பக்கவாட்டாக எமக்குக் கிடைப்பது இருபுறமும் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரே. புவியீர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்ரிமீற்றர் எனில், புவியீர்ப்பின் அரைப்பங்களவு பக்கத்தள்ளல் வந்ததும் வண்டி கவிழத் தொடங்கும். பத்து மீற்றர் ஆரையுள்ள வளைவில் அதற்குரிய வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர். ஐந்து மீற்றர் ஆரையுள்ள ஒழுங்கைத் திருப்பத்தில் 18 கிலோமீற்றர் மாத்திரமே. பின்னால் ஒருவரை ஏற்றினால் மையம் உயரும். வேகம் இன்னும் குறைய வேண்டும். வளைவின் நடுவிற் பிறேக்குப் பிடித்தால் பாரம் முன்னே, முக்கோணத்தின் ஒடுங்கிய மூலைக்குச் செல்கின்றது. முச்சில்லைக் கவிழ்த்தோரைக் கேட்டால் பெரும்பாலோர் இதனையே சொல்வர். ஆகவே பிறேக்கை வளைவுக்கு முன் பிடித்து, வளைவிற் பிடிக்காது விடுதல் வேண்டும்.

இதனைப் பெரிய நாடொன்று பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஹொண்டா நிறுவனம் 1970 இல் அமெரிக்காவிற் பருத்த ரயர்களுடைய முச்சில்லு வண்டியொன்றை விற்கத் தொடங்கியது. மணலிலும் காட்டுப் பாதையிலும் விளையாட்டாய் ஓட்டும் வண்டி அது. மூன்று சில்லு விழாது என நம்பிச் சிறுவரிடமும் கொடுத்தனர். கவிழ்ந்து இறந்தோரும் முறிந்தோரும் பெருகவே, 1988 இல் அந்நாட்டு அரசோடு செய்த இணக்கத்தின்படி உற்பத்தியாளர் அவ்வகை வண்டியின் விற்பனையை நிறுத்தினர்.

ஓட்டப் பழகுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து ஆண்டு இருசில்லு ஓட்டிய அனுபவம் உதவும் என்று நம்பினோம். அதுவே எமக்குப் பகையாயிற்று. வேகமாய் ஓடும் இருசில்லை இடப்பக்கம் திருப்புவதற்கு நாம் முதலில் இடக்கைப் பிடியை மெல்ல முன்தள்ளுகின்றோம். சில்லு கணநேரம் வலப்பக்கம் திரும்பி, வண்டி இடப்பக்கம் சாய்கின்றது. இவ்வாறு செய்கின்றோம் என்பதை ஓட்டுவோர் பலர் அறியார்; கை அறியும். முச்சில்லிலோ வலப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கமே போகும். முதல்நாள் ஒழுங்கையில் இடப்பக்கம் திரும்ப எண்ணிய நாம், வலப்பக்கத்து அயலவரின் கிடுகுவேலியினுள் நுழைந்தோம். வேலி அண்மையில் அடைத்தது. கிடுகுக்கு நாம் கொடுத்த பணத்தை அவர் வாங்க மறுத்துத் தேநீர் தந்தார்.

மற்றொரு தீய பழக்கம் காலை ஊன்றுவது. வண்டி மெதுவாகும்போது கால் தானே நிலத்தை நாடுகின்றது. முச்சில்லில் அவ்வாறு ஊன்றினால் பின்னால் வரும் சில்லு குதிக்காலில் ஏறும். தாங்குவதற்கு ஒன்றுமில்லாத இடத்திற் காலை நீட்டுவது அறியாமை என்று தெரிந்தும், அதனை நிறுத்த எமக்கு மூன்று கிழமை சென்றது. நண்பரோ முதல்நாளிலிருந்தே இதிற் பிழைவிடவில்லை.

தென்மராட்சி மண்ணுக்கென்று சில தொல்லைகள் உண்டு. இருசில்லுக்கு ஒரு தடம் போதும்; குழிகளுக்கிடையே நெளிந்து போகலாம். முச்சில்லு மூன்று தடத்தில் ஓடுவதால் எந்தக் குழியும் தப்பாது. வண்டிற் சில்லுகள் பதிந்த இரு பள்ளமும் நடுவே புல்லேறிய மேடும் உள்ள ஒழுங்கைகளில், முன்சில்லு மேட்டிலும் பின்சில்லுகள் பள்ளத்திலுமாய் ஓடும். அதுவே நல்ல வழி என்பது பழகப் பழக விளங்கும். தார்வீதி ஓரத்துக்குச் சரிந்திருத்தலின் வண்டி எந்நேரமும் இடப்பக்கம் இழுக்கும். சாவகச்சேரியிலிருந்து கைதடிவரை ஓடியதும் கைகளில் வலியை உணர்ந்தோம். ஸ்கூட்டருக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. இருசில்லைக் காலால் உதைத்துப் பின்தள்ளலாம். பக்கச் சில்லுகள் பூட்டிய வண்டியைக் கால் இயலாதவர் எவ்வாறு தள்ளுவார்? ஆகவே கடைக்கு முன் சுவரை நோக்கி நிறுத்தாமல், வட்டமடித்து வெளியே நோக்கி நிறுத்துவது நண்பரின் வழக்கம். சரிவில் நிறுத்தினால் வண்டி தானே உருளும். ஆதலிற் பிறேக்கை இறுக்கி வைக்கும் பூட்டு ஒன்று இன்றியமையாதது.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்குரிய அனுமதிப்பத்திர வகுப்பு ‘ஏ’. முச்சக்கர வண்டிக்குரியது ‘பி1’. பதிவுசெய்த வண்டியொன்றின் அமைப்பை மாற்றுவார் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் இதனைச் செய்க. காப்புறுதி நிறுவனத்தாருக்கும் எழுத்தில் அறிவிக்க. தலைக்கவசம் முச்சில்லிலும் வேண்டும் என்பதைக் கிடுகுவேலிக்குள் நுழைந்த நாம் சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் மாறவேண்டும் என்பது எமது கருத்தன்று. முழங்கால் வலியவர், வேகத்தை விரும்புவர், நாள்தோறும் யாழ்ப்பாணம் சென்று மீள்வர், ஒடுங்கிய படலையுடையவர் ஆகியோர் இருசில்லையே வைத்திருக்க. ஓடும்போது விழும் வயதினருக்கு முச்சில்லு கேட்டையே செய்யும். நின்றவிடத்தில் விழத் தொடங்கியவர்க்கும், ஒரு கால் இயலாதவர்க்கும், நாள்தோறும் பாரம் ஏற்றுவார்க்குமே அது தக்கது. நீங்கள் கடைசியாய் விழுந்த இரண்டு மூன்று தடவைகளை எண்ணிப் பார்த்து, அவ்வேளைகளில் வண்டி ஓடியதா நின்றதா என்று கணக்கிடுங்கள்.

இருசில்லை விட்டுப் பிரிதல் எளிதன்று. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது ஒருசில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயிலே எமது ஹொண்டாவை ஓட்டினோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செம்மணியையும் நாவற்குழியையும் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, அம்மழையிற் பலருடைய வீடும் பெற்றோரும் இருசில்லுகளின்மேலேயே வந்தன. நெரிசலில் ஓடமுடியாது தள்ளிக்கொண்டு வந்தனர். எமது கல்லூரி மண்டபத்தின் முன் அன்று சாத்தியிருந்த சைக்கிள்களின் தொகையை எண்ண எவருக்கும் மனமிருக்கவில்லை.

அந்த ஹொண்டாவை இவ்வாண்டு பேரன் கொண்டுபோனான். அதன் இடத்தில் மாமரத்தின் கீழ் முச்சில்லு நிற்கின்றது. அது உள்ளே வருவதற்காகப் படலைத் தூணொன்றைப் பிடுங்கி ஒன்றரை அடி தள்ளி நட்டோம். சனிக்கிழமைகளிற் காலை ஏழு மணிக்கு நண்பர் தமது வண்டியில் வந்து வெளியே நின்று ஹோண் அடிப்பார். இருவரும் சந்தைக்குப் போவோம். புகையிரதக் கடவை மூடியிருந்தால் அருகருகே நிறுத்தி, கால்களை மேலே வைத்தபடி கதைத்துக்கொண்டிருப்போம்.